ஏழெழுத்தும் ஓரெழுத்தும்

பாப்பாரப்பட்டியில் திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாம் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசுவதுண்டு. மேடை கிடையாது, மாலை கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு பானைத் தண்ணீர், எதிரே ஒரு புளியமரம் – இவ்வளவுதான் நமது மாளிகை! ஒருவர் தாம் படித்ததைச் சொல்லுவார். மற்றவர்கள் மடக்கிக் கேட்பார்கள். கேள்விக்குப் பதில் இல்லையேல், அடுத்த திங்கள் பதிலோடு வரவேண்டும் என்பது ஏற்பாடு.

சென்ற கூட்டத்திற்கு, 'ஒரு பாட்டின் வரலாறு' என்று தலைப்புக் கொடுத்திருந்தோம். பேச வந்தவர் ஒரு கல்லூரி மாணவி. நம் ஊரை அடுத்த காலனியைச் சேர்ந்தவர். பட்டுக்கோட்டையாரின் பாட்டைப் பற்றிப் பேசுவார் என்று சிலர் எதிர்பார்த்தனர். அண்மைக்காலத்தில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பற்றித்தான் பேசுவார் என்று இளைஞர்கள் பந்தயமே கட்டியிருந்தனர். அவரோ கைப்பேசியை எடுத்து, ஓர் ஆங்கிலப் பாட்டை ஒலிக்கவிட்டார். தாளம் துள்ளிற்று, ஒரு பெண்ணின் குரல் அதட்டிற்று, கெஞ்சவில்லை!

"பாப்பாரப்பட்டியிலே இங்கிலீஷ் பாட்டு எதற்கம்மா?" என்று கேட்டார் நமது மூத்த தோழர்.

"பாட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் தாங்களே ஒப்புக்கொள்வீர்கள், ஐயா. பாட்டின் பெயர் – மரியாதை."

மரியாதை! அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். உட்காரமாட்டோமா பின்னே? அந்தச் சொல்லுக்கு முன்னே 'சுய' என்ற இரண்டெழுத்தைச் சேர்த்துக்கொண்டு ஓர் இயக்கம் புறப்பட்டது 1925இல். அதே 1925இல், சூலை 23ஆம் நாள், இந்தப் பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா மறைந்தார். அவருடைய கொள்கை வேறு, நமது கொள்கை வேறு; அதிலே ஒளிவுமறைவு இல்லை. ஆயினும், சிறை தந்த தொழுநோயோடு வெளிவந்தவரை இரயிலில் ஏறாதே என்று ஆட்சி தடுத்தபோது, ஊர் ஊராகக் கால்நடையாகவே சென்று பேசினாரே, அந்தக் கால்களுக்கு நாம் தலைவணங்கத்தான் செய்கிறோம். இங்கே அவருடைய நினைவிடத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் நமக்கு அவருடைய மேடைகள் நினைவுக்கு வருவதில்லை, அவர் நடந்த நடையே நினைவுக்கு வருகிறது. இருக்கை மறுக்கப்பட்டவனுக்குத்தான் மரியாதை என்ற சொல்லின் எடை தெரியும்.

இனி, மாணவி சொன்ன வரலாறு. அவர் சொன்னதை நாமும் பிறகு தேடிப் படித்துச் சரிபார்த்தோம். (சரிபார்க்காமல் நம்புவது நமது வழக்கம் அல்லவே!)

அமெரிக்காவிலே கருப்பின மக்களின் பாட்டுகள் 1920 முதல் இசைத்தட்டுகளாக விற்கத் தொடங்கின. பருத்திக் காட்டில் பாடிய பாட்டு, இழவு வீட்டில் அழுத பாட்டு, தேவாலயத்தில் கைதட்டிப் பாடிய பாட்டு – எல்லாம் தட்டில் ஏறின. தட்டில் ஏறினவேயொழிய, கடையில் சரியாசனம் கிடைத்ததா? இல்லை! அவற்றுக்குத் தனிப்பட்டியல், தனி விளம்பரம், தனிப்பெயர். 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்பது பெயர். அதாவது, இனத்தாரின் இசைத்தட்டு. ஊருக்கொரு கிணறு, சேரிக்கொரு கிணறு என்று வெட்டிவைத்த நமக்கு இது விளங்காதா! 'பில்போர்டு' என்னும் வணிக இதழ் 1945 முதல் தன் பட்டியலுக்கே அந்தப் பெயரைச் சூட்டியிருந்தது. அந்த இதழில் பணியாற்றிய ஜெரி வெக்ஸ்லர் என்ற இளைஞருக்கு அது உறுத்திற்று. 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றலாம் என்றார். தாளமும் துயரமும் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1949இல் பெயர் மாறிற்று. பெயர் மாறியதால் பட்டியல் ஒன்றாகிவிட்டதா? அதுவும் இல்லை! கிணற்றின் மேல் எழுதியிருந்த பெயரை அழித்து நல்ல பெயர் எழுதினார்கள். கிணறு இரண்டாகவே இருந்தது. எனினும், இழிபெயரை அழிப்பதும் ஒரு வேலைதான் என்பதை நாம் அறிவோம். பெயருக்குப் பின்னே சாதியைத் தொங்கவிடுவதை ஒழித்த நாட்டவர் அல்லவா நாம்!

ஜார்ஜியா மாநிலத்துக்காரர் ஓட்டிஸ் ரெட்டிங். அவர் 1965இல் மெம்பிஸ் நகரில் 'ரெஸ்பெக்ட்' என்ற இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். ஸ்டாக்ஸ் என்ற அந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் முன்னாளில் ஒரு சினிமாக் கொட்டகை. நிறவெறி நிறைந்த அந்நகரில், வெள்ளையரும் கருப்பரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த அரிய இடங்களில் அது ஒன்று. ரெட்டிங்கின் பாட்டில் பேசுகிறவன் கணவன். உழைத்துக் களைத்து வீடு திரும்புகிறேன், சம்பாதித்துக் கொட்டுகிறேன், வீட்டுக்குள் வந்தால் எனக்கு மரியாதை வேண்டும் – இதுதான் அவன் முறையீடு. வெளியே வெள்ளையனிடம் கிடைக்காத மதிப்பை மனைவியிடமாவது கேட்கிறான், பாவம்! கருப்பினத்தாரின் பட்டியலில் பாட்டு நான்காம் இடம் வரை சென்றது. பொதுப் பட்டியலில் 35ஆம் இடத்தோடு நின்றது.

இந்த இடத்தில் ஒரு சிறு செய்தி. பாட்டின் முதல் வடிவத்தை ரெட்டிங்கிடம் கொண்டுவந்தவர் அவருடன் ஊர் ஊராகச் சென்ற ஸ்பீடோ சிம்ஸ் என்பவர் என்று கூறப்படுகிறது. அதற்கும் முன்னே அதை இயற்றியவர் இன்னார் என்று எவரும் உறுதியாகச் சொன்னதில்லை. ரெட்டிங் சொற்களைத் திருத்தினார், வேகத்தைக் கூட்டினார், தாமே பாடினார். சிம்ஸின் பெயரையும் உறையில் போடுவதாகச் சொன்னாராம், போடப்படவில்லை. மரியாதை கேட்கும் பாட்டிலேயே ஒருவருடைய பெயர் விடுபட்டுப் போயிற்று! மாணவி இதைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். நம்மை ஒருமுறை பார்த்தார். ஏன் பார்த்தார் என்பது அப்போது நமக்கு விளங்கவில்லை.

அடுத்து வருகிறார் அரீதா பிராங்க்ளின். 1942இல் அதே மெம்பிஸில் பிறந்து, டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். தந்தையார் பாதிரியார், தேவாலயத்திலே பாடிப் பழகிய குரல். "பகுத்தறிவாளர் கூட்டத்தில் தேவாலயப் பாட்டா?" என்று ஒரு தோழர் இடைமறித்தார். நல்ல கேள்விதான். எல்லாக் கூடங்களும் பூட்டப்பட்டிருந்த மக்களுக்குத் திறந்திருந்த ஒரே கூடம் அது என்றார் மாணவி. அந்தத் தந்தையார்தான் 1963 சூன் 23இல் டெட்ராய்ட்டில் விடுதலை நடைப்பயணத்தை முன்னின்று ஏற்பாடு செய்தார். மார்ட்டின் லூதர் கிங்கோடு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நடந்தனர். கடவுளைப் பற்றி அவருக்கும் நமக்கும் வழக்கு உண்டு. நடந்த கால்களைப் பற்றி வழக்கு இல்லை.

அரீதா ஆறாண்டுகள் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தார். அங்கே அவரை நாகரிகமான மெல்லிசைக்காரி ஆக்கிப் பார்த்தார்கள். பயன் பெரிதாக இல்லை. பிறகு அட்லாண்டிக் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே தயாரிப்பாளர் யார் தெரியுமா? பட்டியலுக்குப் பெயர் மாற்றிய அதே ஜெரி வெக்ஸ்லர்! 1967 பிப்ரவரி 14, நியூயார்க். அலபாமாவிலிருந்து வரவழைக்கப்பட்ட வெள்ளை இசைக்கலைஞர்கள் வாசிக்க, தங்கை கரோலினும் அக்காள் எர்மாவும் பின்பாட்டுப் பாட, பியானோவின் முன் அமர்ந்து அரீதா பாடினார்.

என்ன செய்தார் அவர்? ரெட்டிங்கின் சொற்களைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டார். சொல்லுகிற ஆளை மாற்றிவிட்டார்! கணவன் கேட்ட மரியாதையை இப்போது மனைவி கேட்கிறாள். பணம் என்னிடமும் இருக்கிறது, எனக்கு உரியதைக் கொடு என்கிறாள். அந்த ஒரே மாற்றத்தில் பாட்டு தலைகீழாயிற்று. தலைகீழாக நின்றது நேராயிற்று என்பதே சரி. அதற்கும் மேலாக, ரெட்டிங்கிடம் இல்லாத ஒன்றைச் சேர்த்தார். இசை சட்டென நிற்கிறது. அந்தச் சொல்லின் ஏழு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டிச் சொல்லுகிறார். பள்ளிக்கூடத்தில் மந்தமான பையனுக்கு வாத்தியார் எழுத்துக்கூட்டிச் சொல்லித் தருவாரே, அப்படி! எத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லியும் உன் மண்டையில் ஏறவில்லையே, இதோ எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்பதுபோல! கேட்ட நமக்கே கன்னத்தில் ஓர் உறைப்பு.

1967 சூன் 3ஆம் நாள், அமெரிக்கப் பொதுப் பட்டியலில் அந்தப் பாட்டு முதலிடம் பெற்றது. அந்தத் திங்களிலேயே கலிபோர்னியாவில் நடந்த மாண்டரே இசைவிழாவில் ரெட்டிங், ஒரு பெண் தம்மிடமிருந்து இந்தப் பாட்டைக் கொண்டுபோய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பாடினார். பெருந்தன்மையான சிரிப்புத்தான். அந்த ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் விமான விபத்தில் அவர் மாண்டபோது வயது 26. சூலையில் டெட்ராய்ட் பற்றி எரிந்தது. 43 பேர் மாண்டனர். வீதியில் நின்றவர்களுக்கு, மனைவி கணவனிடம் கேட்ட பாட்டு, ஓர் இனம் நாட்டிடம் கேட்கும் பாட்டாகக் கேட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் கிங் சுட்டுக்கொல்லப்பட்டாரே, மெம்பிஸின் லொரெயின் விடுதி – அது ஸ்டாக்ஸ் கலைஞர்கள் வழக்கமாகத் தங்கிய விடுதி. வெள்ளையரும் கருப்பரும் கூடி உட்கார்ந்து பாட்டுக் கட்டிய இடத்தின் மாடியில் குருதி சிந்திற்று.

இனிப் பணக் கணக்கு. அமெரிக்கச் சட்டப்படி, வழக்கமான வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும் தொகை கொடுக்கும். பாடியவருக்குக் கொடுக்கவேண்டியதில்லை. ஆகவே, அரீதாவின் குரல் வானொலியில் எத்தனை ஆயிரம் முறை ஒலித்திருந்தாலும், அந்த ஒலிபரப்புக்கான தொகை ரெட்டிங்கின் குடும்பத்தைச் சேர்ந்ததே தவிர, 2018 ஆகஸ்டு 16இல் கண்மூடும்வரை அரீதாவைச் சேரவில்லை. மரியாதையை எழுத்துக்கூட்டிச் சொன்னவருக்கு அந்த எழுத்துகளுக்குக் கூலி இல்லை! ரெட்டிங் குடும்பத்தாரைக் குறைசொல்வது நமது நோக்கமல்ல; கணவனை இழந்த இளம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கிடைத்த தொகை அது. கோணல் சட்டத்தில் இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1967! அரீதா நியூயார்க்கில் பாடிய அதே பிப்ரவரியில் தமிழகத்தில் தேர்தல் நடந்தது. மார்ச்சு 6இல் அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டின் இறுதியில் சட்டமன்றத்தில் சுயமரியாதைத் திருமணச் சட்டம் நிறைவேறிற்று. 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நிலைமை என்ன? புரோகிதரில்லாத திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அண்ணாவின் சட்டம் முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லும் என்றது. அதன்படி என்ன வேண்டும்? உற்றார், நண்பர் முன்னிலையில், மணமக்கள் தமக்குப் புரிந்த மொழியில், இவரை நான் கணவனாக, இவரை நான் மனைவியாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். புரியாத மொழியில் பிறர் சொல்ல, இவள் குனிந்திருந்த காலம் போய், இவளே வாய்திறந்து சொல்லும் காலம்! அரீதா செய்ததும் வேறென்ன? சொல்லுகிற ஆளை மாற்றினார்!

இந்தப் பெருமையை நாம் உரக்கச் சொன்னபோது, மாணவி மெல்லக் கேட்டார்: "நம் மாவட்டத்தில் 2012 நவம்பர் 7ஆம் நாளை மறந்துவிட்டீர்களா, ஐயா?" மறக்கவில்லை. சாதி கடந்த ஒரு திருமணத்தின் பேரால், நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. சட்டம் இருந்தது; வீடுகள் எரிந்தன. திண்ணையில் சிறிதுநேரம் பேச்சில்லை.

இளைஞர் ஒருவர் பேச்சைத் திருப்பினார். 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையா என்றார். உண்டு என்றார் மாணவி. 2021 மார்ச்சில் வெளியான அந்தப் பாட்டைத் தீயும் அறிவும் பாடினர். இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டியார் வள்ளியம்மாளின் வாழ்வும், ஒப்பாரியின் ஓசையும், நிலமற்றவர்களின் ஏக்கமும் அதிலே உண்டு. கோடிக்கணக்கானோர் கேட்டனர். அந்த ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இல்லை என்பதைக் கண்டு இயக்குநர் பா. இரஞ்சித் கேள்வி எழுப்பினார். பிறகு அறிவின் படத்தோடு இன்னோர் அட்டை வந்தது. 2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்கவிழாவில் அறிவு இல்லாமல் பாட்டு ஒலித்தது. தமது உழைப்பு மறைக்கப்படுவதாக அவர் எழுதினார். இசையமைப்பாளரும் தம் தரப்பைச் சொன்னார். யாருக்கு எத்தனை பங்கு என்று திண்ணையில் இருந்து தீர்ப்புச் சொல்ல நாம் முனையவில்லை. 2024இல் இசையமைப்பாளரே, அந்தப் பாட்டின் வருவாய் தமக்கும் கலைஞர்களுக்கும் வந்துசேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகையைக் கைவிடச் செய்ய முடியாதபடி 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. நல்லதே. ஆனால், கழனியில் பாடிய கிழவிக்கு? அவர் பாட்டுக்கு ஆசிரியர் பெயரே இல்லையே! 'நாட்டுப்பாடல்' என்று ஒரு சொல் போட்டால் முடிந்தது கதை!

"ஆம், ஐயா, முடிந்தது கதை" என்று சொல்லிக்கொண்டே மாணவி தம் பையிலிருந்து ஒரு மெல்லிய நூலை எடுத்தார். பழுப்பேறிய அட்டை. பார்த்ததும் நமக்கு நெஞ்சு துணுக்குற்றது. 1987இல் நாம் தொகுத்து, நாமே அச்சிட்ட நூல் அது. இந்த வட்டாரத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் களையெடுப்புப் பாட்டுமாக 38 பாட்டுகள். அட்டையில் நமது பெயர், கொட்டை எழுத்தில்!

"இதில் 26 பாட்டுகள் எங்கள் ஆயா பாடியவை. அவர் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

இல்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை. அது நமக்குத் தெரியும். கேழ்வரகுக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தவரை அழைத்துவந்து, இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்து, மூன்று நாள் பாடச் சொன்னோம். மூன்று நாள் கூலி அவருக்குப் போயிற்று. அதை ஈடுசெய்யவேண்டும் என்ற எண்ணம்கூட நமக்கு அன்று எழவில்லை. பாடி முடித்த அன்று, "எம் பேரு வருமா சாமி?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்தோம். கடவுளை மறுத்துக் கூட்டம் போட்ட நாம், 'சாமி' என்று நம்மை அழைத்ததை மறுக்கவில்லை. கேட்க இனிமையாக இருந்திருக்கவேண்டும்.

"முன்னுரையைப் படிக்கட்டுமா?" என்றார் மாணவி. வேண்டாம் என்று சொல்ல நாவெழவில்லை. படித்தார். ஊர்ப் பெரியவர் தம் திண்ணையைத் தந்து உதவினார். ஆசிரியர் ஒருவர் பிழை திருத்தினார். அச்சகத்தார் கடனுக்கு அச்சிட்டார். ஒரு கிழவி பாடினாள்.

"பெயர் விடுபட்டதைக்கூட மறதி என்று விட்டுவிடலாம், ஐயா. மூன்று பேருக்கு 'ஆர்' போட்ட கை, நான்காவது ஆளுக்கு 'ஆள்' போட்டிருக்கிறதே, அது மறதியா?"

தோழர்களே! ஆங்கிலத்தில் மரியாதைக்கு ஏழெழுத்து. அந்த மொழியின் வினைச்சொல்லுக்கு ஆளின் தகுதி தெரியாது. அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே வினைதான். நமது மொழியிலோ மரியாதை வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே எழுத்து! 'ர்' வந்தால் மனிதர், 'ள்' வந்தால் வேலைக்காரி. பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன் காலனிக் கிழவரை 'வாடா' என்று அழைத்தபோது கொதித்தெழுந்து கட்டுரை எழுதியவர்கள் நாம். அதே பேனா, அதே மை, அதே ஆண்டு! நமது அம்மாவை 'அவர்' என்று எழுதினோம். மாணவியின் ஆயாவை 'அவள்' என்று எழுதினோம். எழுதுகிறபோது கை நடுங்கவில்லை, நின்று யோசிக்கவில்லை. சட்டம் செய்யாத கோணல் இது. நமது விரல்கள் செய்தது. ஸ்பீடோ சிம்ஸின் பெயரைச் சொல்லிவிட்டு மாணவி நம்மைப் பார்த்த பார்வையின் பொருள் இப்போது விளங்கிற்று.

ஆயா மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அவரிடம் வருத்தம் தெரிவிக்க வழியில்லை. "அடுத்த வாரமே எழுதுகிறோம், அவர் பெயரை இந்தக் கட்டுரையிலேயே பெரிதாகப் போட்டு, உலகறியச் செய்கிறோம்" என்றோம். மாணவி தலையசைத்து மறுத்தார்.

"கட்டுரையில் போட்டால் உங்கள் பெருந்தன்மை தெரியும். நூலில் போடுங்கள், பாட்டு அவருடையது என்பது தெரியும்."

அதனால்தான், தோழர்களே, இத்தனை பெயர்கள் வந்த இக்கட்டுரையில் அந்த ஒரு பெயர் இல்லை.

நூல் மறுபதிப்பாகிறது. அட்டையில் ஆயாவின் பெயர் முதலில். அதன்கீழ் மற்றப் பாட்டுகளைப் பாடிய மூவரின் பெயர்கள் – ஊர் ஊராக விசாரித்து மாணவியே கண்டுபிடித்தார். கடைசியில், தொகுத்தவர் என்று சிறிய எழுத்தில் நாம். விற்ற தொகையில் அச்சுச் செலவு போக மிஞ்சுவது நால்வர் குடும்பத்துக்கும் என்று எழுதிக் கையொப்பமிட்டோம். மிஞ்சுவது பெரிய தொகையாக இராது என்று சொன்னபோது, "தெரியும், ஐயா. கணக்கு மட்டும் காட்டுங்கள்" என்றார்.

அச்சுப்படி சென்ற வாரம் வந்தது. முன்னுரையிலும் பாட்டுகளின் கீழே எழுதியிருந்த குறிப்புகளிலுமாக 31 இடங்களில் 'ள்' எடுத்து 'ர்' போட்டிருந்தோம். இருமுறை படித்து, பிழை இல்லை என்று முடிவு செய்து மாணவிக்கு அனுப்பினோம். மறுநாள் திரும்பி வந்தது. 43ஆம் பக்கத்தில், களையெடுப்புப் பாட்டின் அடிக்குறிப்பில், சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

32.